பனி உருகியதும் சீலிங்கில் கறை: கூரையை மாற்றும் முன் பரணுக்குள் ஏறிப் பாருங்கள்

கேள்வி: போன கோடையில் ஒரு வீடு வாங்கினோம். வயது 30 இருக்கும். மரச்சட்ட வீடு, முன்பக்கம் மட்டும் செங்கல். முதல் குளிர்காலம் இப்போதுதான் முடிந்தது. பனி உருக ஆரம்பித்த வாரத்தில் மாடி அறை சீலிங்கில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை வந்தது. நிலவறையின் ஒரு மூலையில் சுவர் ஈரமாகி, மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. வாசற்படியில் சிமென்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மாடியில் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். தோட்டக் குழாயில் ஹோஸை மாட்டியபடியே குளிர்காலம் முழுக்க விட்டுவிட்டோம். இன்னும் திறந்து பார்க்கவில்லை. நேற்று கதவைத் தட்டிய ஒரு கூரை ஒப்பந்தக்காரர், தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூரையையே மாற்ற வேண்டும், இந்த வாரம் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்கிறார். குளிர்காலத்துக்குப் பிறகு செய்ய வேண்டியவை என்று நண்பர் ஒருவர் கொடுத்த பட்டியலில் நாற்பது வேலைகள் இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது? எதை நானே செய்யலாம்?

பதில்:

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். தார் ஷிங்கிள் கூரை, அதாவது தார் பூசிய சிறு பட்டைகளை ஓடு போல அடுக்கி ஆணி அடித்த கூரை, பொதுவாக 20 முதல் 30 வருடம் வரை தாங்கும். வீட்டுக்கு 30 வயது என்றால் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றும் காலம் நெருங்கியிருக்க வேண்டும். விற்றவர் கொடுத்த காகிதங்களில் அந்த விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆனால் கறை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கூரையை மாற்றினால், அடுத்த வருடம் பனி உருகும்போது புதுக் கூரைக்கு அடியிலும் அதே கறை வரலாம். வீடுகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். கூரை மாற்றிய மறுவருடம் அதே கறைக்காக என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

அந்த நாற்பது வேலைப் பட்டியலையும் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே தண்ணீர் செய்த வேலை. கூரை உச்சியிலிருந்து தரை வரை தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று தேடிக்கொண்டே போனால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். பெயின்ட், புல்தரை, ஜன்னல் துடைப்பு எல்லாம் அப்புறம்.

சரி, கறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வார்த்தைகள் "பனி உருக ஆரம்பித்த வாரத்தில்" என்பவை. அந்த வாரம் மழை பெய்ததா? மழையில்லாமல், வெயில் அடித்த நாளில் கறை வந்திருந்தால், கூரையில் ஓட்டை என்று முடிவுகட்ட முடியாது. ஒரு பென்சில் எடுத்து, கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியதா என்று பாருங்கள். செலவே இல்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. நேராகப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். கறை மறைந்துவிடும், கூடவே தடயமும் போய்விடும்.

அடுத்து பரணுக்குள் ஏறுங்கள். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிறதே, அந்த இடத்தைத்தான் சொல்கிறேன். நல்ல டார்ச், முகமூடி, நீளக்கைச் சட்டை வேண்டும். உத்தரக் கட்டைகளின் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் மிதித்தால் சீலிங் பலகையைப் பெயர்த்துக்கொண்டு கீழே வருவீர்கள். வீட்டுச் சூடு வெளியேறாமலிருக்க அங்கே பரப்பியிருக்கும் இன்சுலேஷன் பளபளப்பான சிறு கூழாங்கல் மாதிரி, பழுப்பும் சாம்பலுமாக இருந்தால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். பழைய வெர்மிகுலைட் சிலவற்றில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது. அப்படித் தெரிந்தால் கிளறாமல் இறங்கி வந்து, சோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள்.

கறைக்கு நேர் மேலே போய் டார்ச்சைக் கூரைப் பலகையின் அடிப்பக்கம் சாய்த்து அடியுங்கள். ஷிங்கிள்களை அடித்த ஆணிகளின் முனைகள் பலகையைத் துளைத்துக்கொண்டு வரிசையாகத் தெரியும். முனைகள் துருப்பிடித்திருக்கின்றனவா? ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் பலகையில் நாணயம் போலக் கறுப்பு வட்டம் இருக்கிறதா? கீழே இன்சுலேஷன் மேல், ஆணி வரிசைக்கு நேர் கீழே, சொட்டுச் சொட்டாகக் குழி விழுந்திருக்கிறதா? இவை மூன்றும் இருந்தால் தண்ணீர் வந்தது வீட்டுக்குள்ளிருந்துதான்.

நடப்பது இதுதான். குளிர்காலம் முழுக்க நீங்கள் குளிப்பதும் சமைப்பதும் துணி காயவைப்பதும் மூச்சு விடுவதும் சேர்ந்து வீட்டுக் காற்றில் ஈரம் ஏறுகிறது. அந்தக் காற்று சீலிங் விளக்குத் துளை, பரண் மூடி, குழாய் ஏறும் இடுக்கு வழியாக மேலே கசிகிறது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் பரணுக்குள்ளேயே முடித்து வைத்திருக்கும் வீடுகளும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே உறைகுளிர். ஆணி உலோகம் என்பதால் எல்லாவற்றையும்விடச் சில்லென்று இருக்கும். ஈரம் முதலில் அதில்தான் வெண்பனியாகப் படியும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். முதல் வெயில் நாளில் கூரை சூடாகி மொத்தமும் ஒரே மதியத்தில் உருகிச் சொட்டும். கீழே இருப்பவருக்குக் கூரை ஒழுகுவது போலவே தோன்றும். இதற்கு மருந்து அந்த இடுக்குகளை அடைப்பதும், ஃபேன் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய்விடுவதும்தான். புதுக் கூரை போட்டாலும் புது ஆணிகளில் அதே பனி படியும்.

ஆணி முனைகள் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் பனி அணை. டேப் எடுத்து, கறை வெளிச்சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளங்கள். இரண்டு மூன்று அடிக்குள் என்றால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுச் சூடு பரண் வழியாகக் கசிந்து கூரை நடுவில் பனியை உருக்குகிறது. உருகிய நீர் இறங்கி வருகிறது. கூரையின் ஓரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே சூடு கிடையாது, அதனால் மறுபடி உறைந்து வரப்பு மாதிரி கட்டிக்கொள்கிறது. பின்னால் வரும் நீர் வரப்பில் முட்டித் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியில் ஏறுகிறது. ஷிங்கிள் இறங்கும் தண்ணீரைத் தள்ளிவிடும்; தேங்கும் தண்ணீருக்கு அது தாங்காது. குளிர்காலத்தில் கூரை ஓரத்தில் கனமான பனி ஊசிகள் தொங்கினவா என்று நினைத்துப் பாருங்கள். இதற்கும் மருந்து பரணில்தான்: காற்றுக் கசிவை அடைப்பது, இன்சுலேஷனைக் கனமாக்குவது, கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளை இன்சுலேஷன் மூடாமல் விடுவது.

மூன்றாவதாக, கறை குளியலறைப் பக்கம் இருந்து, மழையில் பெரிதானால், கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி கூரையைத் துளைத்து வெளியே போகும் இடத்தைச் சந்தேகியுங்கள். குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் கழுத்துப்பட்டை இருக்கும். ஷிங்கிள் நன்றாக இருக்கும்போதே வெயிலிலும் குளிரிலும் அது வெடித்துவிடும். அதை மட்டும் மாற்றுவது கூரைக்காரருக்குச் சின்ன வேலை.

கூரை மேல் நீங்கள் ஏறவே வேண்டாம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பைனாகுலரில் பாருங்கள்: காணாமல் போன ஷிங்கிள், சுருண்ட முனைகள், புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகடு தூக்கியிருப்பது, உச்சிக்கோடு நடுவில் தொய்ந்திருப்பது. நான்கு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போதும்.

கூரையிலிருந்து இறங்கும் தண்ணீரை வாங்குவது பீலி. பல வீடுகளில் எல்லாக் கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. பனியின் கனத்தில் பீலி தொய்ந்திருக்கும். உள்ளே போன இலையுதிர்காலத்துச் சருகு மக்கிச் சேறாகி நிற்கும். கையுறை போட்டு அள்ளி வாளியில் போடுங்கள். ஏணியைச் சாய்க்கும்போது நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதைப் பீலியின் மேல் சாய்க்காதீர்கள். பீலி மடங்கும், ஏணி சறுக்கும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அள்ளும் சேற்றில் கரடுமுரடான மணல் மாதிரிக் கறுப்புத் துகள் கை நிறைய வந்தால் அது ஷிங்கிளின் மேல்பூச்சு உதிர்வது. கொஞ்சம் உதிர்வது சகஜம்; அள்ள அள்ள வந்தால் கூரைக்கு வயதாகிவிட்டது என்று பொருள். தெருவில் நின்று சொன்ன அந்த மனிதரின் தீர்ப்பைவிட இந்தச் சேறு நம்பகமான சாட்சி.

பீலி காலியானதும் மேல்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பத்தடி நீளத்துக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வாட்டம் இருந்தால் தண்ணீர் இறங்கு குழாயை நோக்கி நிற்காமல் ஓடும். நடுவில் குட்டையாக நின்றால் அந்த இடத்துக் கொக்கி தளர்ந்திருக்கிறது. திருகி இறுக்குங்கள், அல்லது பக்கத்தில் புதிதாக ஒன்று அடியுங்கள்.

இப்போது நிலவறை மூலை. உள்ளே நின்று அந்த ஈரச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே மூலைக்கு வெளிப்பக்கம் போய் நில்லுங்கள். பத்தில் எட்டு வீட்டில் அங்கே ஒரு இறங்கு குழாய் இருக்கும், அதன் வாய் சுவரோரத்திலேயே முடிந்திருக்கும். ஒரு கணக்குப் போடுங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் கூரையில் 50 சதுர மீட்டர் அந்தக் குழாய்க்கு வடிகிறது என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் மழைக்கு 1250 லிட்டர். இருபது லிட்டர் வாளியால் அறுபது வாளிக்கு மேல், ஒரே மூலையில், அஸ்திவாரத்தின் காலடியில். பனி உருகும்போது அடியில் மண் இன்னும் உறைந்தே இருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் சுவரைத்தான் தேடிப் போகும்.

குழாயின் வாயில் ஒரு நீட்டுக்குழாயை மாட்டி, சுவரிலிருந்து ஆறு அடியாவது தள்ளி விடுங்கள். கால்மணி நேர வேலை. என் அனுபவத்தில் நிலவறை ஈரத்துக்கு இதைவிடப் பலன் தரும் மருந்து குறைவு.

அடுத்தது தரையின் வாட்டம். புதிதாகக் கட்டும்போது அஸ்திவாரத்தைச் சுற்றிக் கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே வரும். முதலில் வெளிப்பக்கம் சாய்ந்திருந்த தரை மெல்ல வீட்டைப் பார்த்துச் சாய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். சுவரோரம் ஒரு குச்சி, நேர் எதிரே பத்தடி தள்ளி இன்னொரு குச்சி. இரண்டுக்கும் நடுவே நூல் கட்டி, அதில் ரசமட்டத்தைத் தொங்கவிட்டு, குமிழி நடுவில் நிற்கும்வரை நூலை ஏற்றி இறக்குங்கள். பிறகு இரண்டு முனையிலும் நூலிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளங்கள். வெளிமுனையில் ஆறு அங்குலமாவது அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரோரம் களிமண் கலந்த மண்ணைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி வாட்டம் எடுங்கள். மணல் வேண்டாம், அது தண்ணீரை நேராக உள்ளே விட்டுவிடும். மண்ணை உயர்த்தும்போது ஒரு எச்சரிக்கை: மரமோ வெளிப்பலகையோ தொடங்கும் இடத்துக்கு ஆறு அங்குலம் கீழேயே மண் நிற்கட்டும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு. பூஞ்சையா என்று சந்தேகம் வந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அடியுங்கள். உப்பு கரைந்து மறையும், பூஞ்சை அப்படியே இருக்கும். சுவருக்குள் போன தண்ணீர் அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, தான் ஆவியாகி, உப்பை விட்டுப் போகிறது. உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். உப்பு மறுபடி பூக்கிறதா என்பதை வைத்து வெளியே செய்த வேலை பலித்ததா என்று கண்டுபிடிக்கலாம்.

ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாவிட்டால், இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் சுவர் வழியாக வருகிறது. முன்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அதற்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபயர் ஒன்று போதும், உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எது வந்தாலும், உள்பக்கம் நீர்புகாப் பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் சுவருக்குள்ளேயே நின்று, ஒரு வருடத்தில் பெயின்டைத் தோலாக உரித்து எறியும். நிலவறையில் சம்ப் பம்ப், அதாவது தரைக்குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப், இருந்தால் அந்தக் குழியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, மிதவை எழும்பிப் பம்ப் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தோட்டக் குழாய் விஷயத்தில் உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. நானே ஒரு வருடம் இதே தப்பைச் செய்தவன். உறையாத குழாய் என்று விற்கப்படும் வகையில், வால்வு வெளியே இருக்காது. ஒரு அடி உள்ளே, வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கும். வெளியே மூடியதும் நடுவில் உள்ள தண்ணீர் வடிந்துவிடும், அதனால் உறைய ஒன்றுமில்லை. ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது. உள்ளே நின்ற தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருத்து, செம்புக் குழாயையே பிளந்துவிடும். இதில் வில்லங்கம் என்னவென்றால், வால்வு மூடியிருக்கும்வரை ஒரு சொட்டுகூடக் கசியாது. வசந்தத்தில் செடிக்குத் தண்ணீர் விடலாம் என்று திறந்ததும்தான் பிளவு வழியாகச் சுவருக்குள் கொட்டும். நான் அன்று கால்மணி நேரம் செடிக்குத் தண்ணீர் விட்டேன். நிலவறையில் அட்டைப்பெட்டியில் இருந்த குடும்பப் படங்களுக்கும் சேர்த்து விட்டிருக்கிறேன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

அதனால் தனியாகத் திறக்காதீர்கள். ஹோஸைக் கழற்றுங்கள். குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் ஒருவர் டார்ச்சுடன் நிற்கட்டும். நீங்கள் வெளியே குழாயைத் திறந்து, தண்ணீர் வந்ததும் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுங்கள். நல்ல குழாய் என்றால் அழுத்தம் விரலைத் தள்ளிக்கொண்டு பீச்சும். எளிதாக மூட முடிந்தால், அல்லது உள்ளே நிற்பவர் "நிறுத்து" என்று கத்தினால், உடனே மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, வீட்டுக்குள் அந்தக் குழாய்க்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் தனி வால்வு மூடியே இருக்கட்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டிவையுங்கள்.

வாசற்படி உதிர்வதும் அதே ஒன்பது சதவீதக் கதைதான், இந்த முறை கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள். பகலில் உருகி உள்ளே போவதும் இரவில் உறைந்து பெருப்பதுமாகக் குளிர்காலத்தில் பல தடவை நடந்து, மேல்தோல் பொருக்காகக் கழன்றுவிடுகிறது. பனி உருக்கும் உப்பைப் போட்டிருந்தால் இன்னும் வேகம். அது படியை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கிறது. இப்போதே சிமென்ட் பூசி மூடாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது பூசியது அடுத்த குளிரில் அடையாக எழும்பி வரும். வெயில் நன்றாக ஏறி, இரவிலும் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத நாட்கள் வரட்டும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; கணீரென்று கேட்கும் இடம் நல்ல இடம், பொத்தென்று கேட்டால் கழன்றிருக்கிறது. கழன்றதை எல்லாம் உளியால் எடுத்து, தூசி போகக் கழுவி, அதன்பிறகு வெளிவேலைக்கென்றே வரும் பழுதுபார்ப்புக் கலவையைப் பூசலாம். நன்றாக உலர்ந்த பிறகு சிலேன் வகை சீலர் ஒரு கை அடியுங்கள். உள்ளிருக்கும் ஆவியை வெளியே விட்டு, வெளித் தண்ணீரைத் தடுக்கும். படியே ஒரு பக்கம் தூக்கியிருந்தால் கதை வேறு: அடியில் மண் உறைந்து மேலே தள்ளியிருக்கிறது. மண் முழுக்க உருகித் தணிய சில வாரங்கள் கொடுத்து, பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மாடியில் சுவரும் சீலிங்கும் சேரும் விரிசல்தான் தண்ணீர்க் கணக்கில் நேராக வராதது. வீட்டின் நடுச்சுவரில் இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். முக்கோணச் சட்டங்களால் தாங்கப்படும் கூரைகளில், கீழ்க்கட்டை இன்சுலேஷனுக்குள் புதைந்து சூடாகவும் உலர்ந்தும் இருக்கும். மேல்கட்டைகள் குளிரில் ஈரம் வாங்கி லேசாக நீளும். அதில் சட்டம் முழுவதும் வில்லாக வளைந்து, நடுவில் சீலிங்கைக் கொஞ்சம் தூக்கும். கோடையில் இறங்கிவிடும். பட்டி போட்டு அடைத்தால் ஒவ்வொரு வருடமும் அடைத்துக்கொண்டே இருப்பீர்கள். தொந்தரவாகத் தெரிந்தால் ஓரத்தில் ஒரு மரப்பட்டி வையுங்கள், சீலிங்கில் மட்டும் ஆணி அடித்து, சுவரில் அடிக்காமல். சீலிங்கோடு அதுவும் ஏறி இறங்கும். நீங்கள் கவலைப்பட வேண்டிய விரிசல்கள் நிலவறைச் சுவரில் இருக்கும்: படுக்கைவாட்டில் ஓடுவது, அல்லது இரண்டு நூலுக்கு மேல் அகலமானது, அல்லது ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முன்னே தள்ளியிருப்பது. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சாதாரண மயிரிழை விரிசல் என்றால் இரு முனையிலும் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு விட்டுவிடுங்கள்.

ஜன்னலைச் சுற்றிச் சுருங்கிக் கழன்றிருக்கும் பழைய சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடலாம், உலர்ந்த நாளில், டியூப்பில் போட்டிருக்கும் வெப்பநிலைக்கு மேலே. ஆனால் ஆர்வக்கோளாறில் எல்லாத் துளையையும் அடைத்துவிடாதீர்கள்! ஜன்னல் சட்டத்தின் அடியிலும், செங்கல் முகப்பின் கீழ் வரிசையிலும் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் கசிவுத் துளைகள் அவை. பூச்சி வருகிறது என்று அடைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துச் சுவர் ஊறுகிறது என்று கூப்பிடுபவர்கள் எனக்கு வருடம் தவறாமல் கிடைக்கிறார்கள்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் மரத் தளம் இருந்தால், அது வீட்டுச் சுவரோடு சேரும் நீளக் கட்டையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் போல இறங்கினால் அதில் யாரையும் ஏற்றாதீர்கள், தச்சர் பார்க்கட்டும். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் புகைக்குழாய் வெளியே வரும் வாயில் பறவைக்கூடு ஏதும் கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம், புகை அலாரம் இரண்டையும் கழற்றிப் பின்பக்கத்தில் உள்ள தேதியைப் படியுங்கள். புகை அலாரத்துக்குப் பத்து வருடம்தான் ஆயுள், மற்றதற்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஏசியின் வெளி யூனிட்டைச் சுற்றி இரண்டடி இடம் விட்டுச் சருகை அகற்றுங்கள். பிரஷர் வாஷரை எடுக்கும் எண்ணம் இருந்தால் செங்கல் சாந்தின் மேலும், வெளிப்பலகையின் இடுக்கில் கீழிருந்து மேலாகவும் அடிக்காதீர்கள். மழையால் முடியாததை நீங்களே செய்து வைத்தவராவீர்கள்.

இந்த வாரக் கடைசியில் பரணைப் பார்ப்பது, பீலியை அள்ளுவது, நீட்டுக்குழாய் மாட்டுவது, தோட்டக் குழாயைச் சோதிப்பது, இந்த நான்கு போதும். அடுத்து நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டை வெளியே ஒரு சுற்று வாருங்கள். எந்தப் பீலி வழிகிறது, எங்கே குட்டை கட்டுகிறது என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது, வெயிலில் பத்து நாள் தேடினாலும் தெரியாது. தரை வாட்டமும் படியும் சீலன்ட்டும் மண் காய்ந்த பிறகு.

கூரைக்காரர் திரும்ப வந்தால் விரட்ட வேண்டாம். பரணுக்குள் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், எந்த இடத்தில் தண்ணீர் நுழைகிறது என்று படத்தோடு எழுத்தில் கேளுங்கள், அதே கேள்வியை இன்னும் இரண்டு பேரிடமும் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டினால் கூரையைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் ஆணி முனைகளை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். கறை வெளிச்சுவரிலிருந்து எத்தனை அடி என்பதையும், அது வந்த நாளில் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.